மத்தாப்பு வட்டமும் காண்டின் கேள்வியும்

சென்ற தீபாவளிக்கு முந்திய இரவு, எங்கள் வீட்டு முற்றத்தில், ஆறு வயதுப் பேத்தி கம்பி மத்தாப்பு ஒன்றைக் கொளுத்தி, கையை வீசி வீசி இருட்டிலே ஒரு பொன் வளையத்தை எழுதிக்கொண்டிருந்தவள், மருந்து தீர்ந்து வெறுங்கம்பி மாத்திரம் சிவந்து நின்ற கணத்தில் திகைத்துப்போய், "தாத்தா, வட்டம் எங்க போச்சு?" என்று கேட்டாள். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் நெடுங்காலம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவரும், மாலை வேளைகளில் எங்கள் திண்ணையில் வந்து அமர்கின்றவருமான நண்பர், சிரித்துக்கொண்டே, "வட்டம் மருந்துலயே கிடையாது பாப்பா. செவப்புக்கு ஸ்ட்ரான்சியம் போடுவோம், பச்சைக்கு அப்பல்லாம் பேரியம் போட்டோம், வட்டத்துக்குன்னு ஒரு மருந்து உண்டா, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

அவர் தத்துவ நூல் எதனையும் வாசித்தவரல்லர். ஆயினும், நாம் காணும் காட்சியில் எவ்வளவு பொருளிலிருந்து வந்தது, எவ்வளவு காண்பவனிடமிருந்து வந்தது என்று பிரித்துக் கேட்கும் அந்தக் கேள்வியைத்தான், கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பேராசிரியர் இமானுவேல் காண்ட், 1781-ஆம் ஆண்டில் 'தூய அறிவின் விமரிசனம்' என்னும் தம் பெருநூலில் கேட்டு, மேலைநாட்டுத் தத்துவத்தின் போக்கையே திருப்பிவிட்டார். அறிவெல்லாம் அனுபவத்தில் தொடங்குவது மெய்யே; ஆனால் தொடங்குமிடம் அதுவென்பதால் அறிவின் சர்வ அம்சங்களும் அங்கிருந்தே வந்தன என்று முடிவுகட்டுதல் பிழை என்பது அவர் பக்ஷம். இடம், காலம் என்னும் இரண்டும் வெளியே கிடக்கும் வஸ்துக்களல்ல, நாம் எதனையும் காண்பதற்கு வேண்டிய அச்சுகள் என்றும், காரண காரிய சம்பந்தம் முதலான பன்னிரண்டு கருத்துகள் அனுபவத்திலிருந்து பொறுக்கப்பட்டவையல்ல, அனுபவம் என்று ஒன்று உண்டாவதற்கே அவை முன்கூட்டி வேண்டப்படுகின்றன என்றும் அவர் வாதித்தார்.

இதனை விளக்க அவர் ஒரு வீட்டையும் ஆற்றில் இறங்கிச் செல்லும் ஓர் ஓடத்தையும் எடுத்துக்கொள்கிறார். கோனிக்ஸ்பெர்க்கில் பிரெகல் ஆறு உண்டு. நம் ஊரில் அர்ச்சுனா நதியில் ஓடம் விடுவதற்கு வருஷத்தில் சில நாளாவது தண்ணீர் வேண்டுமாதலால், நாம் வேறு உதாரணம் கொள்வோம். ஒரு தீப்பெட்டி ஆலையின் சுவரைப் பார்க்கிறோம்: கூரையிலிருந்து தரைக்கு வரலாம், தரையிலிருந்து கூரைக்கும் போகலாம், பார்வையின் வரிசை நம் இஷ்டம். திரி கருகி வெடி வெடிப்பதைப் பார்க்கிறோம்: அங்கே வரிசையை மாற்றும் சுதந்திரம் நமக்கில்லை. இரண்டு சமயத்திலும் கண்ணுக்கு வந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த தோற்றங்களே. அப்படியிருக்க, முன்னதை 'நிலைத்த பொருள்' என்றும் பின்னதை 'நிகழ்ச்சி' என்றும் எதனைக் கொண்டு வகுத்தோம்? தூரத்தே எழும் வாணத்தில் ஒளி முந்தியும் ஓசை பிந்தியும் வந்து சேர்ந்தாலும், இரண்டும் ஒரே கணத்தில் பிறந்தவை என்று நாம் தயக்கமின்றித் தீர்மானிக்கிறோமே, அத்தீர்மானத்தைக் கண்ணும் காதும் செய்யவில்லை என்பது தெளிவு.

டேவிட் ஹியூம் இதற்கு முன்பே, தீ திரியில் பட்டதையும் பிறகு வெடித்ததையும் மாத்திரமே நாம் காண்கிறோம், இரண்டையும் பிணைக்கும் கயிறு ஒன்றை யாரும் கண்டதில்லை, பழக்கத்தினால் பிணைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார். தம்மைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவர் ஹியூமே என்று காண்ட் ஒப்புக்கொண்டார். ஆனால் பழக்கம் என்ற விடையை ஒப்பவில்லை. பழக்கமானால் ஒரு நாள் விட்டுவிடக்கூடும். ஒரு கொட்டகை வெடித்துச் சிதறிய இடத்தில் நின்றுகொண்டு, "இது காரணமில்லாமல் நடந்தது" என்று எந்த மனிதனாலாவது நினைக்கவாவது முடிகிறதா?

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. எங்கள் பக்கத்தில் ஆலை விபத்து நேரும் ஒவ்வொரு முறையும் மறுநாட் செய்தியில் 'உராய்வு காரணமாக' என்ற சொற்றொடர் தவறாமல் இடம்பெறும். காரணம் ஒன்று இருந்தே தீரும் என்பது வரையில்தான் நம் அறிவு தன்னிலிருந்தே சொல்ல வல்லது. அது இன்னது என்பதை அனுபவத்தில் இறங்கித் தேடியே கண்டாக வேண்டும் என்று காண்ட் கண்டிப்பாகச் சொல்கிறார். உராய்வு எதனால் நேர்ந்தது, அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து இருந்ததா, அன்றைய வெயில் எப்படி என்று கேட்கும்வரை, அந்தச் சொல் காரணத்தைச் சொல்லவில்லை, காரணம் உண்டு என்ற அளவையே திருப்பிச் சொல்லுகிறது. தத்துவ விசாரத்தால் ஊருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்போருக்கு இதனை ஒரு சிறு விடையாகக் கொடுக்கலாம்.

இனி, தலைவேதனை தரும் ஒரு பெயர்ப் பிரச்சினை. தம் ஆராய்ச்சிக்குக் காண்ட் இட்ட அடைமொழி 'டிரான்ஸென்டென்டல்' என்பது. அனுபவத்தைக் கடந்து அப்பால் இருப்பதைக் குறிக்க அவர் வைத்திருந்த சொல் 'டிரான்ஸென்டென்ட்' என்ற வேறொன்று; இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே வலியுறுத்தினார். முன்னது, அனுபவத்திற்கு இப்புறமாக, அதன் அஸ்திவாரத்திலே கிடக்கும் நிபந்தனைகளைத் தோண்டிப் பார்ப்பது. பின்னது, அனுபவத்தின் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போக முயல்வது, அதாவது அவர் கூடாதென்று விலக்கியது. தமிழிலோ இரண்டையும் 'அதீதம்' என்றும் 'கடந்த நிலை' என்றும் ஒரே குடத்தில் ஊற்றிவிட்டோம். மகேஷ் யோகியின் 'ஆழ்நிலைத் தியானம்' வந்தபின் குழப்பம் பூர்த்தியாயிற்று. காண்டைப் பற்றிப் பேசப்போன ஒரு கூட்டத்தில், தியானம் எத்தனை நிமிஷம் செய்யவேண்டும் என்று என்னை ஒருவர் வினவினார். அனுபவத்தின் 'முன்னமைவு' என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். அழகான சொல்லென்று சாதிக்க மாட்டேன். ஆனால் திசையையாவது சரியாகக் காட்டுகிறது.

பேத்தியின் கேள்விக்கு வருவோம். தீக்கொள்ளியைச் சுழற்றினால் தோன்றும் வட்டத்திற்கு நம் சாஸ்திரகாரர்கள் இட்ட பெயர் அலாத சக்கரம். சிவகாசியில் மத்தாப்பு பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டத்தை வைத்து இந்நாட்டில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. அதன் சுவை நம்மவரில் பலருக்கு எட்டவில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த தார்க்கிகரான தர்மகீர்த்தி, தம் 'நியாயபிந்து'வில், பிரத்தியட்சம் என்பது பிழையற்றதாக இருக்கவேண்டும் என்று கூறி, பிழைக்கு ஏதுக்களாகக் கண்ணோய், வேகமான சுழற்சி, படகில் செல்லுதல், உடலின் கலக்கம் ஆகியவற்றை எண்ணுகிறார். ஆகவே வட்டம் பிழை, அதற்கு ஏது கொள்ளியின் வேகம். அத்வைதாசிரியர் கௌடபாதர், மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்திற்கே 'அலாதசாந்தி', அதாவது கொள்ளி தணிதல், என்று பெயர் வைத்தார். கொள்ளி அசையும்போது உருவங்கள் வேறெங்கிருந்தும் வந்ததில்லை, நின்றபோது வேறெங்கும் போனதுமில்லை, கொள்ளிக்குள்ளே புகுந்துகொள்ளவுமில்லை என்று அவர் காட்டும் நியாயம், "வட்டம் எங்க போச்சு?" என்று கேட்ட குழந்தைக்கென்றே எழுதியது போலிருக்கிறது. உலகமும் அறிவின் அசைவில் அவ்வாறே தோன்றுவது என்பது அவர் செல்லும் முடிவு.

மூன்றாவது கட்சிக்காரர் இராமாநுஜர். ஆண்டாள் கோயிலுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளிப் பட்டாசு செய்யும் எங்களுக்கு, அவர் வாதம் கூடுதல் ருசி. அறிவெல்லாம் உள்ளதைப் பற்றியதே, முழுப் பொய்யான அறிவு என்று ஒன்று இல்லை என்பது அவர் சித்தாந்தமாதலால், ஸ்ரீபாஷ்யத்தில் இந்த வட்டத்தையும் அவர் கைவிடவில்லை. கொள்ளி அந்த வளையத்தின் ஒவ்வோர் இடத்தையும் உண்மையாகவே தொட்டுச் செல்கிறது; மெய்யான சக்கரத்தில் இடைவெளி இல்லாததனால் நாம் இடைவெளியைக் காண்பதில்லை; கொள்ளியில் இடைவெளி இருந்தும் வேகத்தினால் காண்பதில்லை; அவ்வளவே பேதம். அன்றிரவு பேத்தி இரண்டாவது கம்பியை மெதுவாகச் சுற்றி, வட்டம் உடைவதையும், வேகத்தைக் கூட்ட மறுபடி பொருந்துவதையும் தானே கண்டுபிடித்து, எங்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். இடைவெளி அங்கே இருந்தது. இராமாநுஜர் சொன்ன இடத்திலேயே இருந்தது.

காண்ட் இந்த வழக்கில் எங்கே நிற்பார்? விமரிசனத்தின் முதற் பதிப்பில் அவர் மனத்திற்குள் ஒரு கோடு வரையச் சொல்கிறார். வரைந்துகொண்டே போகையில் முந்திய பகுதிகளை மனம் கைநழுவ விட்டுவிடுமானால், கோடு முழுமையாக ஒருபோதும் உருவாகாது என்கிறார். மத்தாப்பு வட்டமும் அப்படியே. இப்போது மேலே நிற்கும் பொறியையும், சற்று முன் கீழே நின்ற பொறியையும், ஒரே 'நான்' தன் பிடியில் வைத்திருந்தாலன்றி வட்டம் இல்லை. கண்ணின் வேகக் குறைவு மாத்திரம் என்று தர்மகீர்த்தியின் மாணவர் கூறுவதற்கு இது போதிய விடையா என்பதை விட்டுவிடலாம். நாம் கவனிக்கவேண்டியது, வெவ்வேறு கணங்களைத் தொகுத்துப் பிடிக்கும் தொழிலைக் காண்ட் பிழை என்று எண்ணவில்லை என்பதே. மெய்யான சக்கரத்தைக் காண்பதற்கும் அதே தொழில் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் மேடைகளில் இடைவிடாது கேட்கும் பெருமிதம் வழுக்கி விழுகிறது. காண்ட் சொன்னதைச் சங்கரர் அன்றே சொல்லிவிட்டார், தோற்றம் என்று அவர் சொன்னது நம் மாயையே என்று கைதட்டல் வாங்குவோர், காண்டின் வாழ்நாளிலேயே இந்த வியாக்கியானம் எழுந்து, அவரைச் சினங்கொள்ளச் செய்ததை அறியார். 1782-இல் கோட்டிங்கனிலிருந்து வந்த ஒரு மதிப்புரை, உலகத்தை வெறும் மனத்தோற்றமாக்கியவர் வரிசையில் அவரைச் சேர்த்தது. அதற்கு மறுப்பாகவே அடுத்த ஆண்டு ஒரு சிறு நூல் எழுதினார். 1787-இன் இரண்டாம் பதிப்பில் அத்தகைய கொள்கையைக் கண்டிக்கும் பகுதி ஒன்றையும் புதிதாகச் சேர்த்தார். தோற்றம் வேறு, மயக்கம் வேறு. மழையும் மருந்தும் திரியும் காண்டுக்கு முற்றும் உண்மையான பொருள்களே. நம் அறிவு அமைப்பிற்கு உட்பட்ட உண்மைகள், அவ்வளவுதான்.

நகைப்புக்கிடமான செய்தி, இந்தச் சமன்பாடே ஜெர்மனியில் தயாராகி நமக்கு வந்து சேர்ந்தது என்பது. மொகலாய இளவரசர் தாரா ஷுகோ பாரசீகத்தில் பெயர்க்கச் செய்த உபநிஷத்துகளை, பிரெஞ்சுக்காரரான ஆங்க்தில் துய்ப்பெரோன் லத்தீனில் பெயர்த்து 1801, 1802-இல் அச்சிட்டார். அதனைப் படித்துருகிய ஷோப்பன்ஹவர், காண்டையும் உபநிஷத்தையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். அவருடைய பக்தரான பால் டாய்ஸன் வேதாந்தத்தைப் பற்றி 1883-இல் பெருநூல் எழுதி, 1893-இல் பம்பாய்க்கு வந்து, வேதாந்தமும் காண்டும் ஷோப்பன்ஹவரும் ஒரே உண்மையின் சாட்சிகள் என்ற கருத்துப்பட நம்மவர் முன் பிரசங்கம் செய்தார். ஆட்சிக்குட்பட்டிருந்த மக்களுக்கு அந்த வார்த்தை அமிர்தமாக இருந்திருக்கும், அதில் குற்றமில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே பிரசங்கத்தை நாம் ஒப்பித்துக்கொண்டிருப்பதே எனக்கு உறுத்துகிறது.

ஒப்பிட வேண்டுமானால் பக்கத்திலேயே இதைவிட நெருங்கிய பொருள் ஒன்று கிடக்கிறது. அதனை எடுப்பார் இல்லை. சைவ சித்தாந்தத்தின் முப்பத்தாறு தத்துவங்களில், காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என்னும் ஐந்தும் ஆன்மா அணியும் சட்டைகள் எனப்படுகின்றன. காலம் இங்கே நிலம் நீர் முதலிய பூதங்களோடு எண்ணப்படவில்லை, புலன்களோடும் எண்ணப்படவில்லை, அவற்றிற்கெல்லாம் மேலே, அறிபவனை அறிபவனாக்கும் கருவிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்ற வரையறையை அனுபவத்திற்குத் தருவது அது. வினையின் பயனை உரியவனுக்கே சேரும்படி நிறுத்துவது நியதி. அறிவைச் சிறிதளவு விளக்குவது வித்தை. விஷயத்தில் வேட்கையை எழுப்புவது அராகம். செயலாற்றலை எழுப்புவது கலை. அறிவதற்கு முன்பே விருப்பம் வேண்டும் என்று அராகத்தை இந்த வரிசையில் வைத்த நுட்பம் காண்டின் பன்னிரண்டில் இல்லை. அதே சமயம், பேதமும் மலையளவு. காண்டுக்கு இவ்வச்சுகள் ஏன் நமக்கு வாய்த்தன என்று கேட்பதற்கே இடமில்லை. சித்தாந்திக்கோ இவை மாயையினின்று தோன்றிய சடப்பொருள்கள், ஒரு பருவத்தில் உதவி, பக்குவம் வந்தபின் கழற்றிப்போடத் தக்கவை. காண்ட் அணிந்திருப்பது தோல். சித்தாந்தி அணிந்திருப்பது சட்டை. இந்தப் பேதத்தை மறைத்துவிட்டு இருவரையும் கட்டித்தழுவ வைப்பதில் யாருக்கு லாபம்?

காண்டுக்குப் பின் வந்தவர்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். ஏனெனில் அந்த வரலாறு எந்தப் பாடநூலிலும் உண்டு. நம் அறிவுக்கு எட்டாத 'தானே ஆகிய பொருள்' என்று அவர் விட்டுவைத்த மிச்சத்தை ஃபிக்டேயும் ஹெகலும் பொறுக்கமாட்டாமல் தள்ளினார்கள். ஷோப்பன்ஹவர் அதனை இச்சை என்று அடையாளம் கண்டார். ஹுஸ்ஸர்ல் 'டிரான்ஸென்டென்டல்' என்ற பெயரைத் தம் முறைக்கே சூட்டிக்கொண்டார். அமெரிக்காவில் எமர்சன் கூட்டத்தார் அப்பெயரை வாங்கிக்கொண்டு பொருளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டனர் என்பது என் அபிப்பிராயம். 1966-இல் ஸ்ட்ராசன் என்னும் ஆங்கிலேயர் காண்டின் வாதங்களில் நிற்கக்கூடியவற்றைச் சலித்தெடுத்தார். ருஷ்யாவிலோ, ஷெர்பாட்ஸ்கி, நம் தர்மகீர்த்தியைக் காண்டின் மூக்குக்கண்ணாடி வழியே படித்து 1930-களின் தொடக்கத்தில் 'பௌத்த தர்க்கம்' என்ற இரண்டு பெரிய பாகங்களை வெளியிட்டார். கண்ணாடியின் நிறம் சிற்சில இடங்களில் நூலில் ஒட்டிக்கொண்டதெனினும், ஒப்பீடு என்பது உழைப்பு என்பதை அவர் காட்டினார்.

நான் நிதானித்து நிற்க விரும்புவது கல்கத்தாவின் கிருஷ்ணசந்திர பட்டாசார்யரிடம். 1930-இல் 'சுதந்திரமாகிய விஷயி' என்ற பொருள்படும் நூலை வெளியிட்ட இவர், காண்டை வணங்கவுமில்லை, நம் பழைய ஏட்டில் அவரை ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கவுமில்லை. நேருக்கு நேர் மறுத்தார். 'நான்' என்பது எண்ணத்தோடெல்லாம் கூட வரத்தக்கதாயினும், அதனைப் பொருளாக வைத்து அறிதல் ஆகாது என்பது காண்டின் முடிவு. 1936-இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஆன்மா எண்ணத்திற்கு அடங்காது என்பதில் காண்டைவிட ஒரு படி மேலேயே போய், ஆனால் எண்ணாமல் அறிதல் என்று ஒன்று இருக்கக்கூடும், அதற்கு இடம் விட்டாகவேண்டும் என்று அவர் வாதித்தார். வேதாந்தம் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனை அவர் மேற்கோளாக நீட்டவில்லை, தம் சொந்தக் காலில் நின்று தர்க்கமாக நடத்தினார். காண்டுக்கு இந்தியாவிலிருந்து கிடைத்த கௌரவங்களுள் தலையாயது இம்மறுப்பு.

தமிழில் இப்படி மறுப்பவர் எங்கிருந்து வருவார்? மணிமேகலையில் அறவண அடிகள் வாயால் பௌத்த அளவை நூல் ஒரு காதை முழுதும் பேசப்படுகிறது. கல்லூரிப் பாடத்தில் அக்காதையைப் 'பயன் குறைவு' என்று தாண்டிவிடுகிறோம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், காண்டல், கருதல், உரை என்று அளவைகளை மூன்றில் அடக்கி, காட்சியை மட்டும் வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்து, நூலின் வாசலிலேயே வைத்தார். சித்தாந்த வகுப்பு நடத்துவோரோ வாசலைச் சுவரேறிக் குதித்து நேரே உள்ளே போய்விடுகின்றனர். வணிகவியலும் கணினியும் பயிலும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மெய்யியல் பட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழ்ப் பாடத்தில் ஒரு பருவம், அந்த அளவையியலைக் கையில் எடுத்து, பக்கத்தில் காண்டின் வீட்டையும் ஓடத்தையும் வைத்து, ஒரு பெட்டி கம்பி மத்தாப்போடு மாலையில் மைதானத்தில் நடத்தினால் போதும். மருந்தைப் பற்றி அப்பிள்ளைகளில் பாதிப் பேர் ஆசிரியருக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

இதே மாவட்டத்தில், அருப்புக்கோட்டையைத் தாண்டினால், சுந்தரர் பாடிய திருச்சுழி. 1879 டிசம்பர் 30-இல் அங்கே வக்கீல் சுந்தரமய்யரின் வீட்டில் பிறந்த வேங்கடராமன், பதினாறாம் வயதில் மதுரையில், செத்தால் சாவது எது என்று தரையில் கட்டையாகக் கிடந்து பார்த்து, 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை சேர்ந்து, ரமண மகரிஷியானார். எண்ணங்களில் முதலில் எழுவது 'நான்' என்பதே, மற்றவை அதன்பின் வருவன என்று அவர் சொன்னதைக் கேட்டதும் காண்டின் ஞாபகம் வராமற் போகாது. ஆனால் காண்ட் அந்த 'நான்' வரை வந்து, இதற்குமேல் அறிவுக்கு வேலையில்லை என்று கோல் ஊன்றி நிற்கிறார். ரமணர் அவ்விடத்திலிருந்துதான் புறப்படவே சொல்கிறார். எவர் சரி என்று தீர்க்கும் யோக்கியதை எனக்கில்லை. இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று எழுதும் துணிவும் இல்லை.

திருச்சுழிக்கு அழைத்துச் செல்லும் அன்பர்கள் பிறந்த அறையைக் காட்டுவார்கள், குளத்தைக் காட்டுவார்கள், 'நான் யார்' என்ற சிறு நூலையும் கையில் கொடுப்பார்கள். மௌனமாயிருந்த அந்த இளைஞரிடம் 1902 வாக்கில் போய், அந்நூலுக்கு மூலமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் எழுதிக்காட்டிய விடைகளைப் பத்திரப்படுத்தி வைத்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. அவர் தென்னார்க்காடு ஜில்லாவின் ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். கல்லூரியில் தத்துவத்தைப் பாடமாக எடுத்துப் படித்த பட்டதாரி. அதை மாத்திரம் யாரும் சொல்லுவதில்லை.